இதர செலவு

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. ஆனால் எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி அமாவாசையிலிருந்து நான் கைச்செலவுக்குக் காசு கொடுத்து வந்தது மூன்று பேருக்கு. மூத்தவள் பெரியநாயகி, ஏழாம் வகுப்பு. அடுத்தவன் பழனி, நாலாம் வகுப்பு. மூன்றாவது என் வீட்டுக்காரர் ஆதிகேசவன், வயது முப்பத்தெட்டு, பட்டுச்சேலை நெய்கிறவர். மூவரில் யாருடைய கணக்கு உதைத்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

யோசனை என்னுடையது அல்ல. நாயகியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். வந்திருந்த பதினைந்து அம்மாக்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது கிருஷ்ணம்மாள் டீச்சர் எழுந்து பேசினார்.

"புள்ளைங்க கேக்கறப்பல்லாம் காசு குடுக்காதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை, இவ்ளோதான்னு குடுத்துடுங்க. அவங்களே செலவு பண்ணட்டும், அவங்களே எழுதி வெக்கட்டும். மிச்சம் பிடிச்சா அது அவங்களுது."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் எங்கள் வீட்டு நடைமுறை அப்படியே தலைகீழ். சேலை முந்தானை நன்றாக விழுந்தால் அப்பன் கூப்பிட்டுப் பத்துப் பைசா கொடுப்பார். நூல் அறுந்த நேரத்தில் கேட்டால் தலையில் குட்டு. பழனி இதில் கைதேர்ந்தவன். தறிச் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, இப்போது காசு கேட்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவான். இந்தப் படிப்பு அவனுக்கு உருப்பட உதவாது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் தறியில் விரித்த பாவு நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"காசு கைக்கு வந்தா செலவாவும். இதுக்கு இன்னா பாடம் வேண்டிக்கினு இருக்குது?"

"அப்ப நீங்களும் சேந்துக்கங்க," என்றேன். "கூலியை அப்படியே எங்கிட்ட குடுங்க. டீ, வெத்தலை, ஞாயித்துக்கெழமை சினிமா, எல்லாத்துக்கும் சேத்து மாசம் எட்டு ரூபா. எட்டுக்குள்ள நடத்திக் காட்டுங்க பாக்கலாம்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷக்காரரைக் கட்டிக்கொண்டதில் இது ஒரு வசதி.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தெருவில் பேச்சுச் சத்தம் காதில் விழும். அதனால் அமாவாசையையே சம்பள நாளாக வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய். முழு நோட்டாகக் கொடுத்தால் முழுதாகப் போய்விடும் என்று பூக்காரியிடமும் காய்க்காரியிடமும் சொல்லிவைத்துச் சில்லறை வாங்கினேன். பழைய கனத்த பத்துப் பைசா, ஐந்து பைசா, இரண்டு பைசா. எண்ணி எண்ணிக் கொடுப்பதற்கே கை வலிக்க வேண்டும், அப்போதுதான் காசின் அருமை தெரியும் என்பது என் கட்சி. பின்னால் என் தலையிலேயே வந்து விடிந்தது இந்தச் சில்லறைதான்.

அவர் மட்டும் சில்லறையைத் தொட மறுத்துவிட்டார்.

"எனக்கு நோட்டாத்தான் வேணும். நான் இன்னா பால்வாடிப் புள்ளையா?"

ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் மாதக் கணக்கை நான் இன்னும் மறக்கவில்லை. நாயகியின் நோட்டில் பென்சில் எட்டுப் பைசா, ரப்பர் ஐந்து பைசா, கொடுக்காப்புளி மூன்று பைசா என்று கோடு போட்டு எழுதியிருந்தது. பழனியின் நோட்டில் மூன்றே வரி. குச்சி ஐஸ் இருபது பைசா. காற்றாடி முப்பது பைசா. மறந்துபோனது ஐம்பது பைசா. என் வீட்டுக்காரருடையதில் ஒரே வரிதான். இதர செலவு, எட்டு ரூபாய்.

"இதரன்னா இன்னாங்க?"

"இதரன்னா மத்ததுன்னு அர்த்தம்."

"எதுக்கு மத்தது? மொதல்ல ஒண்ணு இருந்தாத்தானே மத்தது வரும்?"

அவர் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். வானத்தில் நிலா வளர வளர எங்கள் வீட்டில் காசு தேயும். வளர்பிறை அஷ்டமிக்குள் அவரும் பழனியும் கையை விரித்துவிட்டு, மீதி நாட்களுக்கு நாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அறிவித்தார்கள். மகாபலிபுரம். போக வர பஸ், மத்தியானச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஆறு ரூபாய். தை அமாவாசைக்கு மறுநாள் பணம் கட்டக் கடைசி நாள். நாயகி கடலைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். ஆனால் இவள் நாலாம் வகுப்பில் கடல் என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். பார்க்காமலே எழுதினோமே என்று அவளுக்கு அப்போதிருந்தே ஒரு உறுத்தல். அன்று சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அம்மா, ஆறு ரூபா."

பொங்கல் செலவு, அதற்கு முன்னால் தீபாவளிச் செலவு, எல்லாம் கண் முன்னால் வந்தன. அதோடு டீச்சர் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"நீ சேத்துக்கினா போ. நாங்க தர மாட்டோம். ஒத்தப் பைசா தர மாட்டோம்."

ஒத்தப் பைசா என்று அழுத்திச் சொன்னது என் வாய்த் துடுக்கு. அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். மாதம் எண்பது பைசா பிடித்தால் இவ்வளவு, அடுத்த வீட்டு ரேணுகாம்பாளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தால் இவ்வளவு என்று எழுதினாள். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும், நூல் சுற்றிய சின்னக் குச்சி. அந்த வேலைக்கு ரேணுகாம்பாள் இரண்டு பைசா மூன்று பைசா என்று கொடுப்பாள். எழுதி முடித்துவிட்டு, "வரும் மா," என்றாள்.

நாலு நாள் கழித்து அவளுடைய மண் உண்டியலில் கை வைக்கப்பட்டது தெரிந்தது. தொண்ணூறு பைசா போட்டிருந்தாள், உடைத்து எண்ணினால் ஐம்பத்தைந்து. உண்டியல் வாய்க்குள் ஈர்க்குச்சியை விட்டுக் காசைச் சரிய வைக்கும் வித்தை எங்கள் வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். நாயகி யார் மேலும் புகார் சொல்லவில்லை. காசை மட்டும் எங்கேயோ மாற்றிவிட்டாள்.

"எங்கடி வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"வெச்சிருக்கேன் மா."

தம்பி முன்னால் கேட்டது என் தப்பு. என் பவுடர் டப்பா காலியானதும் காணாமல் போனதை மட்டும் கவனித்தேன்.

தீபாவளிக்குப் பழனியின் ஒரு ரூபாயும் ஒரு மணி நேரத்தில் வெடித்துப் புகையாகப் போயிற்று. நாயகி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வாங்கலையா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டதற்கு, "சத்தம் ஓசியிலயே கேக்குதே," என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

ஐப்பசி முடிகிற சமயத்தில் அடி விழுந்தது. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கல்யாணச் சேலை. அவர் அதை அறுத்து எடுத்துக்கொண்டு துரைக்கண்ணு முதலாளி கடைக்குப் போனார். எழுபத்தைந்து ரூபாய் கூலி வர வேண்டும். போனவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். முதலாளி சேலையை நீளவாட்டில் இரண்டாக மடித்து, கரையோடு கரையை வைத்துப் பார்த்திருக்கிறார். வலது கரை சுருங்கிக்கொண்டு உடம்பை இழுத்திருக்கிறது.

"பதினஞ்சு ரூபா பிடிச்சிட்டாரு," என்றார் இவர். "இருபது வருஷத்துல என் கரை இழுத்ததே கெடையாது. எல்லாம் இந்தப் பாழாப்போன மழை. சாயக்காரனும் கஞ்சியை ஏத்திட்டான். நீ சுத்தற தாரும் சரியில்ல."

மழையைத் திட்டினார், பொறுத்துக்கொண்டேன். தாரைப் பற்றிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அரை மணி நேரம் இருவரும் பேசினோம். தெருவில் இரண்டு தறிகள் நின்று கேட்டன.

கார்த்திகை அமாவாசைக்கு மூன்று பேரையும் உட்கார வைத்தேன்.

"இந்த மாசம் வரவு பதினஞ்சு ரூபா கொறைச்சல். அதனால எல்லாருக்கும் பாதிதான். உங்களுக்கு அம்பது பைசா, உங்க நைனாவுக்கு நாலு ரூபா."

பழனி கத்தினான். நாயகி கத்தவில்லை. நோட்டில் எதையோ அடித்துத் திருத்திவிட்டு, "நான் இன்னா பண்ணேன் மா?" என்று மட்டும் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணல. வீட்டுல வரவு கொறைஞ்சா எல்லாருக்கும் கொறையும். அதான் கணக்கு."

எவ்வளவு நியாயமாகப் பேசுகிறோம் என்று எனக்கே அப்போது மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அடுத்த சேலை நாலு முழம் ஓடியிருக்கும்போது, அவர் திடீரென்று தறியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனார். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சேலையில் உடம்புக்குப் பாவு தனி, கரைக்குப் பாவு தனி. கரை நூல்களை ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் ஒரு மூங்கிலின் மேல் போட்டு, நுனியில் மணல் பை கட்டித் தொங்கவிடுவார்கள். இடது கரைக்கு ஒரு பை, வலது கரைக்கு ஒரு பை. இரண்டும் ஒரே கனம் இருக்க வேண்டும். ஒன்று கனத்தால் அந்தப் பக்கத்து நூல் விறைக்கும், சேலையை அறுத்ததும் அந்தக் கரை சுருங்கும். அந்தப் பைகளை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஒருமுறை பழனி அதைப் பிடித்து ஊஞ்சலாடி வாங்கிய அடியை இந்தத் தெருவே அறியும்.

அவர் பின்னால் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. இடது பைக்குக் கொஞ்சம் மணல் போட்டுச் சரி பண்றேன்."

அந்தச் சேலை கண்ணாடி போல நேராக வந்தது. முதலாளி முழுக் கூலியும் கொடுத்தார். நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

ஆனால் அன்றிலிருந்து என் வீட்டுக்காரரின் போக்கு மாறிவிட்டது. அஷ்டமி வந்தால் முன்பணம் கேட்டு என் பின்னாலேயே சுற்றுகிறவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகவில்லை. வாயில் வெற்றிலைச் சிவப்பு குறைந்தது. ஒரு மனிதர் திருந்தினால் பெண்டாட்டி சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. கார்த்திகைக் கணக்கைப் பார்த்தேன். டீ இவ்வளவு, வெற்றிலை இவ்வளவு என்று முதல் தடவையாக ஒழுங்காக எழுதியிருந்தது. கடைசி வரியில் இதர செலவு, இரண்டு ரூபாய்.

"நாலு ரூபாயில ரெண்டு ரூபா இதரமா?"

"ஆமா."

"இன்னான்னு சொல்லுங்க."

"சொல்ற மாதிரி இருந்தா அதை ஏன் இதரம்னு எழுதறேன்?"

மறுநாளே தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் கண்ணாயிரத்திடம் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் வருகிறாரா என்று விசாரித்தேன்.

"வர்றாருமா. ஆனா முன்ன மாதிரி டீ குடிக்கறதில்ல. நோட்டை நீட்டறாரு, சில்லறையா வாங்கி மடியில கட்டிக்கினு போய்க்கினே இருக்காரு."

சில்லறையை மடியில் கட்டிக்கொண்டு ஆண்பிள்ளைகள் போகிற இடம் ஒன்றுதான். வேகவதி ஆற்று மணலில் மூணு சீட்டு ஆடும் கூட்டம் எப்போதும் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போய்ப் புருஷனைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டேனே என்று உள்ளுக்குள் வெந்துபோனேன். மார்கழியிலும் அதே கதை. இதர செலவு, இரண்டு ரூபாய் பதினைந்து பைசா. நாலு நாள் அவரோடு பேசவில்லை. குழம்பு வைக்காமல் வெறும் ரசத்தோடு நிறுத்தினேன். அவர் ரசத்தைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்குது என்று எழுந்து போனார். அந்த ஆத்திரத்தில் பல்பொடி டப்பாவைத் தேடினேன், அதுவும் காணோம். இந்த வீட்டில் டப்பாக்களுக்குக் கால் முளைத்திருந்தது.

தை அமாவாசை வந்தது. தறிகள் ஓய்ந்து தெரு அமைதியாக இருந்தது. காலையிலேயே பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அவருடைய எட்டு ரூபாயை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். இன்று இதர செலவுக்கு அர்த்தம் தெரியாமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அதற்குள் நாயகி, "அம்மா, என் காசை எடுக்கணும். நாளைக்குக் கட்டணும்," என்று சொல்லிக்கொண்டே நேராகத் தறியின் பின்பக்கம் போனாள்.

"ஏய், அங்க இன்னா வேலை உனக்கு?"

அவள் வலது கரைப் பையின் கயிற்றை அவிழ்த்தாள். மணலுக்குள் கையை விட்டாள். என் பவுடர் டப்பாவை வெளியே எடுத்தாள்.

நான் தறிக்காரர் பெண்டாட்டி. எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எப்பலேந்து இது இதுல இருக்குது?"

"புரட்டாசியிலேந்து மா. அதைத்தான் தம்பி தொட மாட்டான்."

"கனம் கூடுமே, அது தெரியாதா உனக்கு? நெசவு வீட்டுல பொறந்தவதானே நீ?"

"தெரியும் மா. அதனாலதான் ஒரு பிடி காசு போட்டா ஒரு பிடி மணலை எடுத்துக் கொட்டிட்டேன்."

ஒரு பிடி காசுக்கு ஒரு பிடி மணல். கையளவு சரி, கனம் எங்கே சரி? அதுவும் நான் தேடித் தேடிக் கொடுத்த பழைய கனத்த காசு. என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"உன் டப்பாவாலதான்டி அந்தச் சேலை இழுத்துது. பதினஞ்சு ரூபா போச்சு."

அவள் முகம் செத்துவிட்டது. அதுவரை அவளும் மழை என்றுதான் நம்பியிருந்தாள். தரையில் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். நாலு ரூபாய் பதினைந்து பைசா. அதோடு இன்று வாங்கிய ஒரு ரூபாய். ஐந்து பதினைந்து. ஆறுக்கு இன்னும் எண்பத்தைந்து பைசா குறைந்தது. ஒருமுறை மறுபடி எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி, சுவரில் சாய்ந்து இரவல் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் தள்ளி வைத்தாள்.

"நைனா, இத்த நீங்க வெச்சிக்கங்க. கூலியில போனதுக்கு. நான் கடலுக்குப் போவல."

அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அழவில்லை. வரவு குறைந்தால் எல்லாருக்கும் குறையும் என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக்கொடுத்ததை என் மகள் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டாம் என்று அந்த நிமிஷம் மனசார வேண்டிக்கொண்டேன்.

அவர் பேப்பரை மடித்தார்.

"பழனி, போய் இடது பையை அவுத்து, உள்ள இருக்கறத எடுத்துக்கினு வா."

குதித்து ஓட வேண்டியவன் அசையவில்லை. "எனக்குக் கால் வலிக்குது நைனா," என்று கூரையைப் பார்த்தான். அதனால் நான்தான் போய்ப் பையை அவிழ்த்தேன். மணலுக்குள் என் பல்பொடி டப்பா இருந்தது. தூக்கினேன், கனத்தது. திறந்தேன், காசு.

"இது யாருது?"

"என்துதான்," என்றார் அவர், ஏதோ திருடிப் பிடிபட்டவர் போல. "கார்த்திகையில வலது பையில கையை விட்டேன், அவ டப்பா இருந்துது. எடுத்துப் போட்டா உனக்குத் தெரிஞ்சுடும். பதினஞ்சு ரூபாய்க்கு உன் வாய் சும்மா இருக்குமா? அதான் எடுக்காம, இடது பையைச் சரி பண்ணேன். மொதல்ல மணல்தான் போட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினேன். அவ அந்தப் பக்கம் போடப் போட நான் இந்தப் பக்கம் போட்டேன். அவ மாதிரியே ஒரு பிடிக்கு ஒரு பிடி."

"மணலே போதுமே. அதுக்குக் காசு எதுக்கு?"

அவர் மடித்த பேப்பரை மறுபடி மடித்தார்.

"மழைக்கு மணல் ஈரம் புடிக்குது. கனம் மாறுது. காசுன்னா மாறாது."

வலது பையில் இருந்ததும் அதே மணல்தானே, அது மட்டும் ஈரம் பிடிக்காதா என்று நான் கேட்கவில்லை. டப்பாவை நாயகியிடம் நீட்டினேன்.

நாயகி காசை எண்ணினாள். "நாலு அம்பது நைனா."

"இல்லியே. உன்து எவ்ளோ?"

"நாலு பதினஞ்சு."

"அப்ப என்துவும் நாலு பதினஞ்சுதான். எண்ணித்தானே போட்டேன்." அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கணக்குச் சரியாக வந்திருந்தது. அதில் முப்பத்தைந்து பைசா கூடுதலாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "அதான பார்த்தேன். பொங்கலுக்கு அப்புறம் இடது கரை லேசா விறைக்குதேன்னு நூல் நூலாத் தடவிக்கினு இருக்கேன். எவன் போட்டது இது?"

நாங்கள் மூவரும் பழனியைப் பார்த்தோம். அவன் இன்னும் கூரையை விட்டுக் கண்ணை இறக்கவில்லை.

"அக்கா டப்பான்னு நெனச்சிட்டேன்," என்றான். "எடுக்கலாம்னுதான் தேடினேன். தொறந்து பார்த்தா அக்கா எவ்ளோ சேத்திருக்குது. எடுக்கத் தோணல. நான் எடுத்தது மட்டும் கொறையுதேன்னு, அஞ்சஞ்சு பைசாவாப் போட்டுட்டேன்."

தறிப் பையைத் தொட்டதற்கு அவன் முதுகு அன்று பழுத்திருக்க வேண்டும். அவர் கையை ஓங்கக்கூட இல்லை. பல்பொடி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"லோகம், கூலியில போனதுக்கு இத்த எடுத்துக்க. அவ காசைத் தொடாதே."

நான் சட்டம் போட்டவள். சட்டப்படிதான் செய்தேன். முப்பத்தைந்து பைசாவைப் பிரித்து நாயகியின் கையில் வைத்தேன். "இது உன் காசு. உண்டியல்லேந்து போனது." பிறகு அதே டப்பாவிலிருந்து ஐம்பது பைசாவை எண்ணினேன். "இது கார்த்திகையில உங்கிட்ட பிடிச்சது. நஷ்டத்தை உங்க நைனா கட்டறாரு, அதனால உன்தைத் திருப்பித் தர்றேன்."

அவள் எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எண்ணினாள். ஆறு ரூபாய். யாரும் ஒத்தப் பைசா கொடுக்காமல், அவளே சேர்த்த ஆறு ரூபாய். அப்போதுதான் அழுதாள்.

"மா, எனக்கும் கார்த்திகையில அம்பது பைசா பிடிச்சீங்களே," என்றான் பழனி.

"அது நீ எடுத்ததுக்கு வட்டி."

பதினைந்து ரூபாய் நஷ்டத்தில் மூன்று ரூபாய் அறுபத்தைந்து பைசா வசூலாகியிருந்தது. மீதி வரப்போவதில்லை, நான் கேட்கப்போவதும் இல்லை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவருடைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார்த்திகை, இதர செலவு இரண்டு ரூபாய். மார்கழி, இதர செலவு இரண்டு ரூபாய் பதினைந்து பைசா. இந்த இரண்டு வரிகளுக்காகத்தான் அந்த மனிதரை இரண்டு மாதம் வறுத்தெடுத்திருக்கிறேன், நாலு நாள் வெறும் ரசம் ஊற்றியிருக்கிறேன். கூட்டிப் பார்த்தேன். கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ள அடுப்பும் எரியவில்லை.

அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா லோகம், கணக்கு உதைக்குதா?"

"இல்ல. சரியா இருக்குது."

நோட்டை மூடிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவருடைய எட்டு ரூபாயை நீட்டினேன். ஒரு ஐந்து ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய் நோட்டு. அவர் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உள்ளே நாயகி தம்பிக்குக் கடல் எப்படி இருக்கும் என்று, தான் பார்த்துவிட்டு வந்தது போல, சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நோட்டுகளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சில்லறையா இருந்தா குடேன்," என்றார்.